பால் புகட்டும் சங்கு: வீட்டில் இருக்கும் பழைய கடற்சங்கைக் குழந்தைக்குப் பயன்படுத்தலாமா?

நொய்யல்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் விரைவில் குழந்தை பிறக்க இருக்கிறது. தாய்வீட்டுச் சீராக வெள்ளியில் ஒரு பால் சங்கு வாங்கி வைத்திருக்கிறார்கள். கிண்ணம் போன்ற வயிறும் ஒருபக்கம் நீண்ட மூக்கும் உடைய, எல்லாருக்கும் தெரிந்த அதே பாலாடைதான்.

என் அத்தையின் பிறந்த ஊர் கீழக்கரைக்கு அருகில் இருக்கிறது. அவருடைய மரப்பெட்டியில், உள்ளங்கையில் அடங்கக்கூடிய உண்மையான கடற்சங்கு ஒன்று இருக்கிறது. அதன் வாய்விளிம்பில் மெல்லிய வெள்ளித் தகடு பொருத்தியிருக்கிறார்கள். என் கணவருக்கும் அவருடைய அக்காவுக்கும் அதில்தான் பால் புகட்டினார்களாம். சங்கில் பால் குடித்த குழந்தைக்கு எலும்பு உறுதிப்படும், குரல் கணீரென்று இருக்கும், கண்ணேறு படாது என்று அத்தை உறுதியாக நம்புகிறார். அது வலம்புரி என்றும் சொல்கிறார். அவர் மனம் நோகக் கூடாது என்பது ஒருபுறம் இருக்க, எனக்கே அந்தச் சங்கின் மேல் ஓர் ஈர்ப்பு வந்துவிட்டது.

கடையில் விற்கும் வெள்ளிச் சங்கு உண்மையில் கடற்சங்கைப் பார்த்துச் செய்யப்பட்டதுதானா, அல்லது பெயர் மட்டும்தான் ஒன்றா? பிறந்த குழந்தைக்குக் கடற்சங்கிலேயே பால் புகட்டுவது சரியா? பாத்திரக் கடையில் குழம்பு பரிமாறுவதற்கான பித்தளைச் சங்கையும் சிப்பி வடிவப் பீங்கான் தட்டுகளையும் பார்த்து ஆசைப்பட்டேன். அவற்றைப் பற்றித் தெரிந்தவர்களும் சொன்னால் மகிழ்வேன்.

ஏட்டுப்பிரதி (மறுமொழி)

வணக்கம் அம்மா. உங்கள் அத்தையின் பெட்டியில் இருப்பது நீண்ட வழக்கம் ஒன்றின் எச்சம் என்பதால், முதலில் வடிவத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

கடற்சங்கைக் கையில் எடுத்து, கூம்பிய தலைப்பகுதி உங்களை நோக்கி இருக்குமாறு பிடித்துப் பாருங்கள். அகன்ற வாய் ஒரு பள்ளம் போல் திறந்திருக்கும். எதிர்முனையில் அது குறுகிக் குறுகி, ஒரு திறந்த வாய்க்காலாக முடியும். உயிரோடு இருக்கும்போது அந்தப் பிராணி நீரை உள்ளிழுக்கும் குழாயை நீட்டுவது அந்த வழியாகத்தான். அதே வாய்க்கால் பாலையோ தண்ணீரையோ ஒரே மெல்லிய தாரையாக ஒழுகவிடும். வயிற்றுப் பகுதி கொள்கலம், வாய்க்கால் மூக்கு, சுருள் பகுதி கைப்பிடி. வெள்ளித் தட்டார் இந்த மூன்றில் முதல் இரண்டை வைத்துக்கொண்டு, கழுவ முடியாத சுருளை மட்டும் விட்டுவிட்டார். ஆகவே பெயர் மட்டும் ஒன்று என்று சொல்வதற்கில்லை. பால் ஒழுகும் முறையே சங்கிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். ஊதும் சங்கில் கூம்பின் நுனியை அறுத்துத் துளையிட்டிருப்பார்கள். ஊட்டும் சங்கிலும் அபிடேகச் சங்கிலும் நுனி மூடியே இருக்கும். இல்லாவிட்டால் ஊற்றியது பின்பக்கமாக ஒழுகிவிடும். உங்கள் வீட்டுச் சங்கின் நுனி முழுமையாக இருந்தால், அது முதலிலிருந்தே பாத்திரமாகத்தான் இருந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

குழந்தைக்குச் சங்கில் ஊட்டும் வழக்கம் எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குப் பட்டினத்தார் பெயரில் வழங்கும் ஒரு வெண்பாவே போதும். மனித வாழ்வை மூன்று சங்குகளால் அளக்கும் பாடல் அது: முதற்சங்கு அமுதூட்டும், நடுச்சங்கு திருமண விலங்கைப் பூட்டும், கடைச்சங்கு இறுதியில் ஊதும். கேட்பவருக்கு விளக்கம் தேவைப்படாத அளவுக்கு முதற்சங்கு வீடுதோறும் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பாடல் ஒரே வீச்சில் இவ்வளவு சொல்லியிருக்காது.

சங்கைப் பற்றிய தொன்மங்களைத் தொகுத்துப் பார்த்தால், போர்முழக்கத்துக்கு இணையாக, அதனைப் பாத்திரமாகக் காணும் கதைகளும் நிறைய இருக்கின்றன. திருக்கழுக்குன்றத்தில் மார்க்கண்டேயர் இறைவனை நீராட்டப் பாத்திரம் இல்லாமல் நின்றபோது குளத்திலிருந்து சங்கு ஒன்று எழுந்து வந்தது என்பது தலபுராணம். 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்குள்ள சங்குத் தீர்த்தத்தில் சங்கு தோன்றுவதாகக் கருதி மக்கள் திரள்வது இன்றும் நடக்கிறது. கடலில் மட்டுமே வாழும் உயிர் ஒரு நன்னீர்க் குளத்தில் தோன்றுவதால்தான் அந்த ஊர்க்காரர்களுக்கு அது அற்புதம். கார்த்திகைச் சோமவாரங்களில் சிவன் கோயில்களில் 108 அல்லது 1008 சங்குகளில் நீர் நிரப்பி அபிடேகம் செய்வதும் இதே மரபுதான். ‘சங்கில் வார்த்தால்தான் தீர்த்தம்’ என்ற பழமொழியைச் சற்றுக் கேலியாகவே சொல்கிறோம் என்றாலும், அந்தக் கேலி பிறந்ததும் இந்த வழக்கத்திலிருந்துதான்.

சங்கு மட்டுமல்ல, சாதாரணக் கிளிஞ்சலும் நெய்தல் நில வீடுகளில் பாத்திரமாக இருந்தது. பரதவர் மீன் நெய்யைக் கிளிஞ்சலில் ஊற்றி விளக்கேற்றி, அந்தச் சிறு வெளிச்சத்தில் உறங்குவதை நற்றிணையின் 175ஆம் பாடல் காட்டுகிறது. மண் அகலுக்குக் காசு செலவழிக்காமல், கரையில் கிடப்பதை எடுத்துக்கொண்ட வீடு அது. நீங்கள் கடையில் பார்த்த சிப்பித் தட்டுக்கு இரண்டாயிரம் ஆண்டுக் கால மூதாதை உண்டு என்று சொல்லிக்கொண்டு வாங்கிவிடலாம்!

முத்துநகர்க் கரையான் (மறுமொழி)

மேலே எழுதியவர் நூல்களின் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் தூத்துக்குடியில் சங்கு குளிக்கும் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால், அந்தப் பிராணியைப் பற்றியும் வலம்புரி பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டில் இருப்பது மன்னார் வளைகுடாவில் கிடைக்கும் சங்காகத்தான் இருக்க வேண்டும். அறிவியலார் அதனை டர்பினெல்லா பைரம் என்பார்கள். பூசை அறையில் பார்க்கும் வெள்ளைப் பளபளப்போடு அது கடலிலிருந்து வருவதில்லை. எடுக்கும்போது மேலே பழுப்பு நிறத் தோல் ஒன்று மூடியிருக்கும். அதனைச் சுரண்டித் தேய்த்த பிறகுதான் வெண்மை தெரியும். கடலடி மணலில் புதைந்து கிடந்து, மண்ணில் வாழும் புழுக்களைத் தின்று வளரும் உயிர் அது. பாசி மேய்ந்து திரியும் சாதுவான நத்தை என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். அது நகர்ந்த தடம் மணலில் கோடாகத் தெரியும். தெளிந்த நீரில் அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போய்ச் சங்கை எடுப்பதுதான் குளிப்பவரின் திறமை. முன்பு மூச்சடக்கிக் குளித்தார்கள், இப்போது படகில் கம்ப்ரசரை வைத்துக் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு இறங்குகிறார்கள். வருமானம் கூடியது, ஆபத்தும் கூடியது.

முட்டையைப் பார்த்தால் உங்களுக்கு நம்பிக்கை வராது. ஆட்டுக்கிடாயின் கொம்பு போல் வளைந்த, அறை அறையாகப் பிரிந்த ஒரு நீண்ட கூடு மணலில் நட்டுவைத்தது போல் நிற்கும். குஞ்சுகள் அந்த அறைகளுக்குள்ளேயே ஓட்டோடு உருவாகி, சிறு சங்குகளாகவே வெளியே வரும். பல கடல் சிப்பிகளைப் போல் நீரில் மிதந்து அலையும் பருவம் அவற்றுக்கு இல்லை. அதனால் ஓரிடத்தில் அளவுக்கு மீறி எடுத்துவிட்டால், வேறு இடத்திலிருந்து குஞ்சுகள் மிதந்து வந்து அந்த இடத்தை நிரப்பப் போவதில்லை. குறிப்பிட்ட விட்டத்துக்குக் குறைந்த சங்கை எடுக்கக் கூடாது என்ற விதி வெள்ளையர் காலத்திலிருந்தே இருப்பதற்குக் காரணம் உண்டு. உங்கள் பெட்டியில் இருப்பது போன்ற சிறு சங்குகளை இன்று புதிதாகத் தேடி வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சதையை எங்கள் பக்கம் உண்பார்கள். வேகவைத்து, குடலை நீக்கி, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்தால் நன்றாக இருக்கும். அளவு தவறி வேகவிட்டால் மெல்லவே முடியாது. ஓடோ நெடுங்காலமாக வங்காளத்துக்குப் போகிறது. அங்கே மணமான பெண்கள் அணியும் வெள்ளை வளையல் எங்கள் கடல் சங்கை அறுத்துச் செய்ததுதான். கொற்கை அகழாய்விலும் அறுத்த சங்குத் துண்டுகள் கிடைத்திருப்பதால், வளையல் அறுக்கும் தொழில் ஒரு காலத்தில் இங்கேயே நடந்தது என்பதும் தெரிகிறது.

இனி வலம்புரி. பெரியவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள்: ஆயிரம் இப்பிகளுக்கு (சிப்பிகளுக்கு) நடுவே ஓர் இடம்புரி, ஆயிரம் இடம்புரிகளுக்கு நடுவே ஒரு வலம்புரி, ஆயிரம் வலம்புரிகளுக்கு நடுவே ஒரு சலஞ்சலம், ஆயிரம் சலஞ்சலங்களுக்கு நடுவே ஒரு பாஞ்சசன்னியம். கணக்கு கதைதான் என்றாலும், வலம்புரி மிக அரியது என்ற அளவில் அது உண்மையைச் சொல்கிறது. கூம்பு மேலே இருக்குமாறும் வாய் உங்களைப் பார்க்குமாறும் சங்கைப் பிடியுங்கள். வாய் உங்கள் வலக்கைப் பக்கம் திறந்திருந்தால் அது சாதாரண இடம்புரி. இடக்கைப் பக்கம் திறந்திருந்தால் மட்டுமே வலம்புரி. ஆனால் அதோடு முடிந்துவிடவில்லை. அமெரிக்கக் கடற்கரையில் இயல்பாகவே இடப்பக்கம் வாய் திறக்கும் வேறோர் இனச் சங்கு ஏராளமாகக் கிடைக்கிறது. அதனைக் கொண்டுவந்து வலம்புரி என்று பெரும் விலைக்கு விற்கிறார்கள். நம் சங்கின் வாய்க்குள் நடுத்தண்டில் மூன்று அல்லது நான்கு தடித்த மடிப்புகள் குறுக்கே ஓடும், விரலை விட்டால் தட்டுப்படும். அந்த அமெரிக்கச் சங்கில் அந்த மடிப்புகள் இருக்காது.

தொட்டில்வார்டு (மறுமொழி)

நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பணியாற்றும் செவிலியர். இங்கே எழுதப்பட்ட வரலாற்றைச் சுவையோடு படித்தேன். ஆனால் கேள்வி பிறக்கப்போகும் ஒரு குழந்தையைப் பற்றியது என்பதால் நேராகவே சொல்கிறேன். கடற்சங்கில் குழந்தைக்குப் பால் புகட்டாதீர்கள். பால் சுருளுக்குள் சென்று தங்கும். அங்கே விரலும் போகாது, பிரஷும் போகாது. கொதிநீரில் போட்டாலும் உள்ளே ஒட்டிய பால் படிவு முழுமையாக வெளியேறிவிட்டதா என்று உங்களால் பார்க்க முடியாது. பார்க்க முடியாத இடத்தில் கிருமி வளர்வதுதான் பிறந்த குழந்தைக்குப் பேதியாக வந்து முடியும்.

எலும்பு உறுதிப்படும் என்பதைப் பற்றி: ஓடு முழுவதும் சுண்ணாம்புச் சத்துதான் என்றாலும், பால் ஏறக்குறைய நடுநிலைத் தன்மை உடையது, புகட்டும் சில நிமிடங்களில் ஓட்டிலிருந்து பாலில் கரையக்கூடியது ஒன்றுமில்லை.

வெள்ளிச் சங்கு அல்லது எவர்சில்வர் பாலாடை என்றால் கதை வேறு. அதனைப் பழம்பஞ்சாங்கம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். குறைந்த எடையோடு பிறந்து நேரடியாகத் தாய்ப்பால் குடிக்க இயலாத குழந்தைகளுக்குக் கிண்ணம், கரண்டி அல்லது மூக்குள்ள பாலாடை மூலம் ஊட்டலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. 32 முதல் 34 வாரங்களில் பிறக்கும் குழந்தைகளால் பெரும்பாலும் உறிஞ்சுவதையும் விழுங்குவதையும் மூச்சு விடுவதையும் ஒருங்கிணைக்க முடியாது. அவர்களுக்குத் தாயின் பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில்தான் ஊட்டுகிறோம். புட்டியின் ரப்பர் காம்பைவிட இதனைச் சுத்தம் செய்வது எளிது. நம் நாட்டில் 1992ஆம் ஆண்டுச் சட்டம் பால் புட்டிகளை விளம்பரப்படுத்துவதையே தடை செய்திருக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

ஆனால் உரிய மாதத்தில் நல்ல எடையோடு பிறந்து, தாயிடம் நன்றாகக் குடிக்கும் குழந்தைக்கு எந்தச் சங்கும் தேவையில்லை. முதல் ஆறு மாதங்களுக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். வீடுகளில் சங்கு எடுக்கப்படுவதே பெரும்பாலும் வேறு காரணங்களுக்காகத்தான் என்பதை அனுபவத்தில் சொல்கிறேன். சேனை தொட்டு வைப்பது, தேன் கலப்பது, வசம்பையும் சாதிக்காயையும் உரைத்துப் புகட்டுவது, வயிறு ஊதினால் கசாயம் ஊற்றுவது எல்லாம் அந்தச் சங்கில்தான் நடக்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரியின் வித்து குழந்தையின் குடலில் வளர்ந்து, நரம்புகளைத் தளர்த்தும் நஞ்சை உண்டாக்கும். உரை மருந்தில் எவ்வளவு உள்ளே போகிறது என்பதற்கு அளவே இல்லை.

மருத்துவர் சொல்லிப் பாலாடையைப் பயன்படுத்த நேர்ந்தால், குழந்தையை மடியில் படுக்கப் போட்டு, மூக்கைப் பிடித்து, வாயைத் திறந்து ஊற்றும் பழைய முறையை அறவே விட்டுவிடுங்கள். பால் நுரையீரலுக்குப் போய்விடும். குழந்தை விழித்திருக்கும்போது தலையையும் முதுகையும் தாங்கிச் சற்று நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டில் வாயோரமாக வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வேண்டும். ஒரு மிடறு விழுங்கிய பிறகுதான் அடுத்தது. அழும் குழந்தைக்கும் தூங்கும் குழந்தைக்கும் ஊற்றவே கூடாது. பயன்படுத்திய உடனே சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீரில் இட்டு எடுத்து, மூடி வையுங்கள்.

பட்டறைக்காரர் (மறுமொழி)

வெள்ளிச் சங்கு பற்றிச் சில சொற்கள். குழந்தையின் வாய்க்குப் போகும் பொருள் என்பதால் பி.ஐ.எஸ். ஹால்மார்க் முத்திரை உள்ளதையே வாங்குங்கள். உட்புறம் வழவழப்பாக இருக்க வேண்டும். பூ வேலைப்பாடும் மணியும் கிலுகிலுப்பையும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, ஏனென்றால் பள்ளங்களில்தான் அழுக்குத் தங்கும். மூக்கின் ஓரத்தை நாக்கு படும் விதத்தில் உங்கள் விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் கடைக்காரரிடமே அரம் போட்டுத் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். மூக்கைத் தனியாகச் செய்து பற்றவைத்ததைவிட ஒரே தகட்டில் அடித்து எடுத்தது மேல்.

பழைய சங்கின் வெள்ளி விளிம்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அப்படிப்பட்ட வேலைகளில் பெரும்பாலும் தகட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே அரக்கு வைத்து அமர்த்தியிருப்பார்கள். கொதிநீரில் போட்டால் அரக்கு இளகித் தகடு கழன்றுவிடும். புளி, எலுமிச்சை, வினிகர் எதனையும் அதன் அருகில் கொண்டு போகாதீர்கள். வெள்ளி தாங்கினாலும் ஓடு தாங்காது, அதன் மினுமினுப்பை அரித்துவிடும். ஈரத் துணியும் சிறிது விபூதியும் போதும்.

பித்தளைச் சங்கில் குழம்பு பரிமாறும் ஆசையைச் சற்று யோசியுங்கள். உட்புறம் ஈயம் பூசாத பித்தளையில் புளிக்குழம்பும் தயிரும் ரசமும் கூடாது, களிம்பேறும். அதன் உட்குடைவுக்குள் நல்ல வெள்ளீயத்தைச் சீராகப் பூசித் தரக்கூடியவர்கள் இப்போது மிகக் குறைவு. பழச்சாறுகூட வேண்டாம், வறுத்த முந்திரி, கற்கண்டு போன்ற உலர்ந்தவற்றை வைத்துக்கொள்ளலாம். பீங்கான் சிப்பித் தட்டுகளில் சிக்கல் இல்லை, வரி வரியான பள்ளங்களில் எண்ணெய் தங்காமல் கழுவும் பொறுமை இருந்தால்.

நொய்யல்கரை

எல்லாருக்கும் நன்றி. அத்தையோடு உட்கார்ந்து பார்த்தோம். நுனி அறுக்கப்படாமல் முழுமையாக இருக்கிறது. உள்ளே மூன்று மடிப்புகள் தட்டுப்படுகின்றன. வாய் வலக்கைப் பக்கம்தான் திறந்திருக்கிறது. இடம்புரி என்றதும் அத்தைக்கு முகம் சற்று வாடியது. செவிலியர் அம்மா எழுதியதைப் படித்துக் காட்டினேன். தேன் வேண்டாம் என்பதை ஒப்புக்கொண்டார், உரை மருந்தைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது. அந்தச் சங்கைப் பூசையில் தீர்த்தம் வைக்கப் பயன்படுத்தலாமா?

முத்துநகர்க் கரையான்

தாராளமாக வைக்கலாம் அம்மா. கோயில்களில் சங்காபிடேகத்துக்கு வரிசையாக அடுக்கி வைப்பவை ஏறக்குறைய எல்லாமே இடம்புரிதான் என்று அத்தையிடம் சொல்லுங்கள். அன்றன்று நீரைக் கொட்டிவிட்டு, வாயைக் கீழ்நோக்கிக் கவிழ்த்து நிழலில் உலர விடுங்கள். வெயிலில் வைத்தால் நாளடைவில் ஓடு வெளிறிப்போகும். உள்ளே துர்நாற்றம் ஏதேனும் வந்தால், இதமான வெந்நீரை வெள்ளித் தகட்டில் படாமல் உள்ளே விட்டு, இரண்டு மூன்று முறை அலசிக் கொட்டுங்கள். அதன் பிறகும் நாற்றம் போகவில்லை என்றால் எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் சங்கு துலக்குபவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.